ஆறு சரியில்ல

“அண்ணன், இண்டைக்கும் ஆறு சரியில்ல. தோணி இறக்க ஏலாது.”

வல்லிபுரம் தோளில் கிடந்த வலையை இறக்காமலேயே நின்றார். ஏறாவூர் ஆற்றங்கரையில் அப்போதுதான் வெளிச்சம் பரவத் தொடங்கியிருந்தது. மட்டக்களப்பு வாவியை அந்தக் கரையில் எல்லோரும் ஆறு என்றுதான் சொல்வார்கள்.

“என்ன நௌஷாட், நேத்தும் இதத்தானே சொன்னாய்?”

“நேத்தைய விட இண்டைக்கு மோசம். மேல்பக்கம் நல்ல மழையாம். முகத்துவாரத்து மண்ணையும் வெட்டி விட்டிரிக்கானுகள். தண்ணி கடலுக்கு இழுக்கு. நம்மட சின்னத் தோணி தாங்காது.”

இருவருக்கும் ஒரே தோணி. மீசை அரும்பிய காலத்திலிருந்து ஒருவர் துடுப்புப் போட, மற்றவர் வலை விட்டுப் பழகியவர்கள்.

வல்லிபுரம் கணுக்கால் நனையும்படி தண்ணீரில் இறங்கினார். குனிந்து ஒரு கை அள்ளிப் பார்த்தார். நிமிரும்போது மூச்சு வாங்கியது.

“இழுக்கிற மாதிரித் தெரியல்லயே. மிதக்கிற ஆத்துவாழை கூட அசையாமத்தானே கிடக்கு?”

பக்கத்துத் தோணியில் இருந்த ஹில்மி அவசரமாகக் குறுக்கிட்டான். “கரையில அப்படித்தான் அண்ணன் தெரியும். நடு ஆத்துக்குப் போனாத்தான் விளங்கும். இழுவை அடியில இரிக்கு.”

“அடியிலயா?”

“ஓம் அண்ணன். மேலால பாத்தா ஒண்டும் தெரியாது.”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மறுகரையிலிருந்து புறப்பட்ட தோணியொன்று நடு ஆற்றுக்கு வந்து நின்றது. அதிலிருந்த ஆள் எழுந்து நின்று வீச்சு வலையை எறிந்தான். தோணி ஆடவுமில்லை, அசையவுமில்லை.

மூவரும் அதைப் பார்த்தார்கள். ஹில்மி தலையைக் குனிந்துகொண்டான்.

வல்லிபுரம் அந்தத் தோணியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அவன் ஆரோ புதுசு போல. ஆத்தப் பத்தித் தெரியாம இறங்கிட்டான்,” என்றார். “நீங்க சொல்றதுதான் சரி. இதுக்குள்ள தோணி இறக்கிறது புத்தியில்ல.”

வலையை நௌஷாட்டின் கையில் கொடுத்தார். “இத வெச்சிரு. தூக்கிக்கொண்டு நடக்க ஏலாமக் கிடக்கு. மறுகா நாளைக்கு வந்து பாப்பம்.”

கொஞ்சத் தூரம் போனவர் திரும்பினார். “பின்னேரம் கச்சான் காத்து எழும்பும் போல இரிக்கு. ஆரும் போறதெண்டா, அதுக்கு முன்ன கரைக்கு வந்திரச் சொல்லு.”

“ஆரு அண்ணன் போகப் போறா? இண்டைக்கு ஒருத்தரும் இறங்க மாட்டம்.”

“ஓம், ஓம். சும்மா சொல்லி வெச்சன்.”

இடையிடையே நின்று நின்று நடந்து, வளைவில் திரும்பி அவர் மறைந்தார்.

அதற்காகத்தான் கரை காத்திருந்தது. வலை தைப்பதுபோல் குந்தியிருந்தவர்கள் எழுந்தார்கள். ஒவ்வொரு தோணியாகத் தண்ணீரில் இறங்கியது. ஆறு குளத்தைப் போல அமைதியாகக் கிடந்தது. மேல்பக்கம் மழையுமில்லை, முகத்துவாரத்தை எவரும் வெட்டவுமில்லை.

“நௌஷாட் நானா, எத்தின நாளைக்கு இப்படிப் பொய் சொல்ற?” என்று ஹில்மி கேட்டான். “இண்டைக்கு எனக்கு வாயே வரல்ல. சந்தைக்கும் மீன் பிந்தித்தான் போகுது.”

“அவர் இரிக்கும் வரைக்கும்,” என்றான் நௌஷாட்.

போன மாதம் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது வல்லிபுரம் அப்படியே ஆற்றுக்குள் சரிந்து விழுந்தார். நௌஷாட்தான் குதித்து இழுத்தெடுத்தான். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் டொக்டர் அவருடைய மனைவி அன்னப்பூரணியை மட்டும் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இதயம் மிகவும் களைத்துவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீரில் மட்டும் இறங்க விடாதீர்கள்.

அன்னப்பூரணி நேரே கரைக்கு வந்தாள். எல்லோரையும் கும்பிட்டாள்.

“போகாதீங்கெண்டு நான் சொன்னா, ஒளிச்செண்டாலும் தனியப் போயிருவார். டொக்டர் சொன்ன வருத்தம் என்னெண்டு சொன்னா அண்டைக்கே ஆள் முடிஞ்சிரும். ஆறு சரியில்லையெண்டு நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பார்.”

அன்று தொடக்கம் ஆறு சரியில்லை. வல்லிபுரம் கரையில் நிற்கும் வரைக்கும் ஒருவனும் தோணியில் கை வைக்க மாட்டான். நௌஷாட் அவருடைய வலையைத் தோணியின் முன்பக்கம், அவர் வழக்கமாக இருக்கும் இடத்தில் வைத்தான். இடுப்பில் கட்டியிருந்த சாரன் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனியாகத் தோணியைத் தள்ளினான்.

வீட்டு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த அன்னப்பூரணி, வெறுங்கையோடு வரும் கணவனைக் கண்டதும் உள்ளுக்குள் நிம்மதியானாள்.

“என்ன, இண்டைக்கும் ஆறு சரியில்லயாமா?” என்று அவர் முகத்தைப் பாராமலே கேட்டாள்.

வல்லிபுரம் கதிரையில் அமர்ந்தார். மூச்சு அடங்கும் வரைக்கும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆறு நல்லாத்தான் கிடக்கு, புள்ள. இந்த மாசம் ஒரு நாளும் அது பிழைச்சதில்ல,” என்றார். “ஆத்தப் பாக்காம இரிக்க ஏலாமத்தான் போறன், நான் நிண்டா அவனுகள் தோணி இறக்க மாட்டானுகள், அதான் சுறுக்கா வந்திர்றன். எனக்கு எல்லாம் தெரியுமெண்டு அவனுகளிட்டச் சொல்லிப்போடாத.”