அதே அளவு எழுத்து

ரொட்டிக் கடைக்காரர் மாவுக் கையோடு வாசலுக்கு ஓடி வருகிறார். எதிரே மருந்துக் கடைக்காரர் நாளிதழை ஆட்டிக்கொண்டே சாலையைக் கடக்கிறார். இந்த ரொட்டிக் கடையின் ரொட்டியைத் தின்று பிள்ளைகள் மயங்கி விழுந்ததாகப் போன வாரம் இதே நாளிதழ் முதல் பக்கத்தில் எழுதியது. கெட்டுப்போனது வேறு கடை ரொட்டி; ஆனால் அன்றிலிருந்து ஈ ஓட்டுவது ரொட்டிக் கடைக்காரர்தான். “திருத்தம் போட்டுட்டான் மாப்ளே!” என்று கத்துகிறார் மருந்துக் கடைக்காரர். “உள்பக்கத்துல எறும்பு மாதிரி போட்டிருப்பான், போய்யா.” “கண்ணைத் தொறந்து பாரு!” முதல் பக்கத்தின் உச்சியில், காலை வெயில் பளீரென்று விழும் இடத்தில், கறுத்த பெரிய எழுத்து: ‘எங்கள் செய்தி தவறு. அந்த ரொட்டியில் குறை இல்லை.’ கீழே, விசாரிக்காமல் எழுதிவிட்டதை நிருபரே தன் பெயர் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார். ரொட்டிக் கடைக்காரர் நம்பாமல் தலைப்பின்மேல் கையை விரித்து அளக்கிறார். முழுசாக ஒரு சாண். அன்றைய தலைப்பும் அதே சாண்தான். “அடேயப்பா, ஒரு நூல்கூடக் குறைக்கலைய்யா!” உள்ளிருந்து மனைவி தட்டைப் போட்டுவிட்டு ஓடி வருகிறாள். “சத்தமாப் படிங்கண்ணே, தெருவுக்கே கேக்கட்டும்!” ஒரு வாரமாக எதிர்ப்பக்கம் ஒதுங்கியே போய்க்கொண்டிருந்த டீச்சர் நின்று, திரும்பி, பையோடு படியேறுகிறார். “பன் சூடா இருக்காண்ணே?” “இருக்கு டீச்சர், இருக்கு! முதல்ல இதைப் படிங்க,” என்று அந்த நாளிதழை இரண்டு கையாலும் நீட்டுகிறார் கடைக்காரர்.