வலது கன்னத்து மச்சம்

“மச்சத்த தப்பான பக்கம் வச்சிட்டானுங்க!” என்றார் என் வீட்டுக்காரர், தியேட்டரே திரும்பிப் பார்க்கும்படி. “சாருலேகாவுக்கு வலது கன்னத்துலலா இருக்கும்!”

முன் சீட்டுப் பெண் முறைத்தாள். நான் அவர் தொடையில் தட்டி அடக்கினேன்.

பழைய நடிகை சாருலேகாவின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருக்கிறார்கள். படம் எங்கள் ஊர் ஈப்போவுக்கு வந்ததும் மகள் தினேஸ்வரி எங்கள் இருவருக்கும் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். எனக்கு அந்தம்மாவைக் கண்டாலே ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து சாருலேகா, சாருலேகா என்றே என் உயிரை வாங்கியவர் இவர். எங்கள் வீட்டில் மாமியார் கொடுமை கிடையாது, சாருலேகா கொடுமைதான்.

ஆனாலும் கூட்டி வந்தேன்.

ஆறு மாதமாக அவருக்கு ஒவ்வொன்றாக மறந்துகொண்டு வருகிறது. போன வாரம் என்னைச் செல்லாயி என்று கூப்பிட்டார். செல்லாயி, செத்துப்போன அவருடைய அக்கா. நான் மங்களம். “என்னங்க” என்று கேட்டுவிட்டு, குளியலறைக்குள் போய் அழுதேன்.

சாருலேகாவாவது நினைவில் நிற்பாள் என்று நம்பியிருந்தேன்.

கைப்பேசியை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அவளுடைய பழைய போட்டோவைத் தேடினேன். மச்சம் இடது கன்னத்தில்தான் இருந்தது.

அவளையே மறந்துவிட்டார் என்றால் நான் எம்மாத்திரம்?

“இடதுதாங்க,” என்றேன் மெதுவாக. “நம்ம தோட்டத்துல படம் போட்டப்ப மொத வரிசையில பாய் போட்டுப் பாத்தவ நான்.”

“நீ முன்னால. நான் துணிக்குப் பின்னாலலா உக்காந்திருந்தேன். அங்கேருந்து பாத்தா வலதுதான்.”

அது சரிதான். சுங்காய்ப் பக்கம் நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள். திடலில் இரண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பின்பக்கமும் படம் தெரியும், இடம் வலமாக மாறி. முன்னால் இடம் கிடைக்காத பயல்கள் அங்கே போய் உட்காருவார்கள். ஆனால் இவருடைய அப்பா மண்டோர், அத்தனை வேலையாட்களுக்கும் தலைவர். அந்தக் குடும்பத்துக்கென்று துணிக்கு முன்பக்கம், பாய் வரிசைக்குப் பின்னால் தனியாக பெஞ்சே போட்டிருப்பார்கள்.

“பெஞ்ச விட்டுட்டு அங்க ஏன் போனீங்க?”

திரையைப் பார்த்தபடியே, காலைச் சாப்பாட்டுக்கு நாசி லெமாக் வாங்கிய கடையைச் சொல்வது போலச் சொன்னார்.

“பெஞ்சுலேருந்து பாத்தா ஒன் முதுகுதான் தெரியும். பின்னாலேருந்து குனிஞ்சா, துணிக்கு அடியில ஒன் மொகம் தெரியும். சாருலேகா படம்னாதான ஒங்கம்மா ஒன்ன வெளிய விடுவாங்க.”

பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் என்றுதான் நாற்பத்தெட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எனக்குப் படம் தெரியவில்லை.