மேகத்தில் நனைந்த பந்து

“மைதானத்து நடுவுல நின்னு தலையால ஒரு முட்டு முட்டினேன் டாக்டர்! பந்து மேகத்துக்குள்ள புகுந்து, நல்லா நனைஞ்சு, சொட்டச் சொட்ட வந்து கோலுக்குள்ள விழுந்துச்சு. பிழிஞ்சிருந்தா ஒரு வாளித் தண்ணி!”

டாக்டரம்மா உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினார். பக்கத்தில் நின்ற மகளுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

“அப்பா, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்களேன்!”

“சுத்தப் புளுகு!” என்று மூலை நாற்காலியிலிருந்து சீறினார் அவளுடைய மாமனார். அந்தக் காலத்தில் எதிரணியின் கோல்கீப்பர். “நான் நின்ன வலையில அப்படி ஒரு கோல் விழவே இல்ல!”

சம்பந்தியான நாளிலிருந்து இருவருக்கும் இதே குடுமிப்பிடிதான்.

“எனக்கு மண்டைக்குள்ள ஏதோ கழண்டுடுச்சும்மா. மூளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. துணைக்குச் சம்பந்தியும் வரட்டும்” என்று காலையில் அப்பா சொன்னதும் அவள் உடனே இருவரையும் கூட்டி வந்துவிட்டாள். பந்தை அப்பா காலால் உதைத்ததைவிடத் தலையால் முட்டியதுதான் அதிகம். தாத்தாக்கள் இருவரும்தான் முறை வைத்துக்கொண்டு அவள் பெண்ணைக் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறார்கள்.

“டாக்டர், பாப்பாவை இனிமே அப்பாகூடக் கார்ல அனுப்பலாமா?”

“அவசரப்படாதீங்க. ஒவ்வொரு அடியும் சின்னதாத்தான் இருக்கும். எழுந்து மண்ணைத் தட்டி விட்டுட்டு ஆடப் போயிடுவாங்க. அதுவே திரும்பத் திரும்பப் பட்டா, பல வருஷம் கழிச்சு சிலருக்கு மறதி, முன்கோபம், தடுமாற்றம்னு தலைகாட்டும். சீக்கிரம் தெரிஞ்சுக்கிட்டா நிறையவே சமாளிக்கலாம்.”

“கேட்டுக்கிட்டீங்களா சம்பந்தி? சமாளிக்கலாமாம்!” அப்பா குஷியாகத் தொடையைத் தட்டினார்.

“எனக்கென்ன வந்துச்சு? உங்க தலையைப் பாருங்க!” மாமா நாற்காலிக் கையில் ஓங்கி அடித்தார்.

“சரி, கோலை விடுங்க. அந்த மேட்ச்ல கடைசியா ஜெயிச்சது யாரு?” என்று கேட்டார் அப்பா.

“நாங்கதான்... இல்ல, நீங்களா?” மாமா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

அப்பாவின் குரல் தாழ்ந்தது. “போன வாரம் பாப்பாவைக் கார்ல வச்சுக்கிட்டு, ஸ்கூலுக்கு எந்தப் பக்கம் திரும்பணும்னு எனக்கு போன் பண்ணினீங்களே... நான் யார்கிட்டயும் மூச்சு விடல. வாங்கன்னா வரமாட்டீங்க. அதான் நானே கழண்ட கேஸா வேஷம் கட்டினேன்.” உடனே பழைய குரல் திரும்பிவிட்டது. “டாக்டர், எனக்கும் சேர்த்தே பாத்துடுங்க. ஜோடியா வந்து போறோம். இவர் வழியை மறந்தா நான் சொல்றேன், நான் புளுகினா இவர் திட்டட்டும்!”

மகள் மாமனாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். டாக்டரம்மா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சம்பந்தி சொல்ற கோல் நிஜமாவே விழல, இல்லையா சார்?”

மாமா பின்மண்டையைத் தடவிக்கொண்டார்.

“விழுந்துச்சு டாக்டர். கம்பத்துல மண்டை மோதினது வரைக்கும்தான் எனக்கு ஞாபகம். வலைக்கு முன்னாடி நின்ன நானே, அந்தக் கோலை மறுநாள் பேப்பர்ல பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.”