என்ன உறவு?

"தம்பி, கொஞ்சம் கதவைத் திறந்து விடுங்க. பதினேழாம் நம்பர் விண்ணப்பத்துக்கு நான் இங்கே இருக்கக் கூடாது."

சொல்லிவிட்டு எழுந்தார் அறக்கட்டளையின் இயக்குநர் அம்மாள். கக்கத்தில் இடுக்கியிருந்த ஒரு உறையைத் துணை இயக்குநரின் முன்னால் நழுவ விட்டார். அவர் ஓடிப் போய்க் கதவைத் திறந்தார். அம்மாள் தலையசைத்துவிட்டு வெளியே போனார்.

"கதவைக்கூட நாமதான் திறந்து விடணும். கொஞ்ச நாளா மகாராணி ஆயிட்டாங்க," என்றார் புள்ளியியல் பேராசிரியர்.

இரண்டு பேர் சிரித்தார்கள். துணை இயக்குநர் சிரிக்கவில்லை. ஆனால் அவருக்கும் அந்த எண்ணம் வந்ததுண்டு. முன்பெல்லாம் எந்த விண்ணப்பம் வந்தாலும் ஓரம் முழுக்கப் பச்சை மையில் எழுதித் தள்ளுவார் அம்மாள். இப்போது, "நான் சொல்றேன், நீங்க எழுதிக்குங்க" என்று சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறார்.

ஆனால் ஒரு தனியார் அறக்கட்டளையை, மருத்துவ ஆராய்ச்சி செய்கிற அத்தனை பேரும் நிதி கேட்டு நம்பி வாசலுக்கு வரும்படி செய்தது அவர்தான். அறக்கட்டளையை நிறுவியவரின் சொந்தப் பேரன் கேட்டபோதே, 'இல்லை' என்று மூன்று பக்கத்துக்கு எழுதி அனுப்பியவர். கொடுக்கிறோம் என்ற கடிதம் நாலு வரி இருந்தால் போதும், மறுக்கிற கடிதம் நீளமாக இருக்க வேண்டும் என்பார். எங்கே தப்பு என்று தெரிந்தால்தானே திருத்திக்கொள்வார்கள்?

உறையும் அவர் கொண்டுவந்த விதிதான். ஒரு விண்ணப்பத்தில் சொந்தச் சம்பந்தம் உள்ளவர் வெளியேற வேண்டும். காரணத்தை எழுதி ஒட்டிக் கொடுக்க வேண்டும். ஓட்டெடுப்பு முடிந்த பிறகுதான் பிரிக்கலாம். "காரணம் தெரிஞ்சா ஓட்டு கோணிக்கும்," என்பார்.

பதினைந்து வருடத்தில் அவரே வெளியே போனது இதுதான் முதல் தடவை.

"மாப்பிள்ளையா இருக்குமோ?" என்றார் இதய மருத்துவர்.

"அவங்களுக்குப் பொண்ணே கிடையாதுங்க."

"அப்ப தங்கச்சி பையன். யாரோ ஒருத்தன். விண்ணப்பத்துல பேரை எடுத்துட்டுத்தானே நமக்குக் கொடுக்கறாங்க? அப்புறம் இவங்களுக்கு மட்டும் ஆள் யாருன்னு எப்படித் தெரிஞ்சுது? வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போயிருக்கான்!"

துணை இயக்குநருக்குச் சுருக்கென்றது. ஆனால் கணக்கு சரியாகத்தான் இருந்தது.

நிதி கொடுக்க மிச்சம் இருந்தது ஒரே ஒரு இடம். பதினேழு, லட்சத்தில் ஒருவருக்கு வருகிற நரம்பு நோய்க்கு மருந்து தேடும் ஆராய்ச்சி. பத்தொன்பது, குறைமாதக் குழந்தைகளின் நுரையீரல் பற்றியது. கை தூக்கச் சொன்னார். மூன்றுக்கு மூன்று.

ஏழாவது ஓட்டு அவருடையது. அவர் இரண்டுக்கும் மதிப்பெண் போட்டு வைத்திருந்தார். பதினேழுக்கு ஒரு மதிப்பெண் கூடுதல்.

"ரெண்டு நிமிஷம்," என்று வெளியே வந்தார்.

நடைவழி பெஞ்சில், கோட்டுப் பைக்குள் இரண்டு கைகளையும் விட்டபடி உட்கார்ந்திருந்தார் அம்மாள்.

"முடிஞ்சுதா தம்பி?"

"மூணுக்கு மூணு மேடம். என் ஓட்டுதான் பாக்கி."

"அப்ப இங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். அந்த ஆள் உங்களுக்கு என்ன உறவு?"

அம்மாள் சிரித்தார். "உறை எதுக்கு இருக்கு? உள்ளே போங்க. எது நல்ல ஆராய்ச்சின்னு மட்டும் பாருங்க. என் மூஞ்சியைப் பாக்காதீங்க."

துணை இயக்குநர் திரும்பி வந்து உட்கார்ந்தார். பதினேழுக்குக் கொடுத்துவிட்டு உறையைப் பிரித்தால், உள்ளே தங்கை மகன் இருப்பான். நாளைக்கு ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இதுதான் பேச்சாக இருக்கும். பதினைந்து வருடப் பெயர் ஒரே நாளில் சந்தி சிரிக்கும். அந்த மனுஷியின் பெயருக்கு ஒரு கீறல்கூட விழக் கூடாது.

"பத்தொன்பது," என்றார்.

மீண்டும் கதவைத் திறந்துவிட்டார். அம்மாள் உள்ளே வந்தார்.

"எது?"

"பத்தொன்பது மேடம்."

அம்மாள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார். "குழந்தைங்க நுரையீரல்தானே? நல்ல வேலை. நாளைக்கே தெரிவிச்சிடுங்க." பிறகு, "பதினேழுக்கு மறுப்புக் கடிதம் நீங்க எழுதுங்க தம்பி. ரெண்டு பக்கத்துக்குக் குறையக் கூடாது. அவங்க சோர்ந்து போய் விட்டுடக் கூடாது. அடுத்த வருஷம் திரும்ப வரணும்."

"அடுத்த வருஷமும் உங்களை வெளியே உட்கார வைக்கணுமா?" நிம்மதியில் சிரித்தார் அவர்.

"அடுத்த வருஷம் கதவு திறக்கற வேலை உங்களுக்கு இருக்காது," என்று அம்மாளும் சிரித்தார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு துணை இயக்குநர் உறையைப் பிரித்தார். தட்டச்சு செய்த ஒற்றைத் தாள்.

விண்ணப்பதாரரின் பெயர்: தெரியாது.

அவருடன் உறவு: இல்லை.

வெளியேறும் காரணம்: இந்த நோய் எட்டு மாதமாக எனக்கு இருக்கிறது.

கீழே, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவரின் கைநாட்டு இருந்தது, பச்சை மையில்.