அப்பா காலத்து ஷேவிங் செட்

பிளேடை எங்கே வைத்தால் மனிதர் சரியாக மாட்டுவார் என்பதுதான் அன்று காலை சுலோசனாவின் ஒரே கவலை. முப்பது வருடம் குடித்தனம் நடத்திய கணவரை விமான நிலையத்துக் காவலர்களிடம் மாட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்தால் வீடு போய்விடும்.

மைசூரு மேட்டகள்ளியில் அந்த வீட்டைக் கட்டுவதற்காக, டயர் தொழிற்சாலையில் மாணிக்கவாசகம் பார்க்காத ஓவர்டைம் இல்லை. இப்போது அதன் பத்திரத்தோடு சென்னைக்குக் கிளம்புகிறார். தம்பி இராமச்சந்திரன் ஒட்டகப் பாலில் ஐஸ்கிரீம் செய்யப் போகிறானாம். கடன் கொடுக்கிறவர் ஜாமீனாக ஒரு வீடு கேட்கிறாராம். இன்று மாலைக்குள் அண்ணன் நேரில் வந்து கையெழுத்துப் போடாவிட்டால் கடன் வேறு யாருக்கோ போய்விடுமாம். இதற்கு முன் அவன் நடத்திய ஈமு பண்ணையில் மிஞ்சியது ஒரே ஒரு முட்டை ஓடு. அது இன்றும் இவர்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது.

“நான் வேணா முடியாதுன்னு சொல்லிடட்டுமா?” என்று சுலோசனா கேட்டுப் பார்த்தாள்.

“அண்ணிதான் கெடுத்தாங்கன்னு ஊரெல்லாம் பேசுவான். சும்னே இரு, நீ பேசாத. தம்பி வாய்விட்டுக் கேக்கறான், எப்படி இல்லைங்கறது?”

ஒரு டீகூட வாங்கித் தராத இராமச்சந்திரன் இருவருக்கும் விமான டிக்கெட்டே எடுத்து அனுப்பியிருந்தான். அதிலேயே தெரிய வேண்டாமா? வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதருக்கு எதுதான் தெரியும்.

ஆனால் அவருக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. அப்பா விட்டுப்போன ஷேவிங் செட். பித்தளைப் பிடி போட்ட ரேசர், பிரஷ், சோப்புக் கிண்ணம், படிகாரக் கல். கடையில் போய் முகத்தைக் கொடுத்துக்கொண்டு உட்கார மாட்டார். கொள்ளேகாலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், ரேசரை வீட்டிலேயே விட்டுவந்தது ஞாபகம் வந்ததும் முகூர்த்தத்தைக்கூடப் பார்க்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

அந்தப் பிடிவாதத்தை நம்பித்தான் சுலோசனா திட்டம் போட்டாள். ஷேவிங் செட்டைக் கைப்பையில் கொண்டுபோனால் மொத்தமாகப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பக்கத்து வீட்டு சௌம்யா சொல்லியிருந்தாள். ரேசரா, விமானமா என்று வந்தால் இவர் விமானத்தைத்தான் விடுவார். பழியும் காவலர்கள் மேல் போய்விடும்.

அவர் பூஜையறையில் மணியாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், பெரிய பெட்டியில் இருந்த செட்டை எடுத்து அவருடைய கைப்பையில் மேலாக வைத்து மூடினாள்.

விமான நிலையத்தில் பெரிய பெட்டியைக் கவுண்டரில் ஒப்படைத்தாயிற்று. சோதனை எந்திரத்துக்குள் போய் வந்த கைப்பையை அதிகாரி தனியே எடுத்து வைத்தார். பெண்கள் பக்கத்துச் சோதனையை முடித்துக்கொண்டு சுலோசனா வேகமாகக் கணவர் அருகில் போய் நின்றாள்.

“யார் பை சார் இது? உள்ள ரேசர் இருக்கே?” என்றார் அதிகாரி கன்னடத்தில்.

“ஏங்க, பெட்டியில வைக்கலையா நீங்க?” சுலோசனா முகத்தை முடிந்தவரை அப்பாவியாக வைத்துக்கொண்டாள்.

“பெட்டியிலதானே வச்சேன்,” என்று மாணிக்கவாசகம் விழித்தார்.

“பெட்டி உள்ள போயாச்சே. மாமா ரேசரை இவங்ககிட்ட விட்டுட்டா போக முடியும்? வாங்க, வீட்டுக்கே போயிடலாம்.”

அதிகாரி நிதானமான மனிதர். ரேசரைத் திருகித் திறந்தார். உள்ளே இருந்த பிளேடையும் செட்டோடு இருந்த பிளேடு பாக்கெட்டையும் எடுத்துப் பக்கத்து டப்பாவில் போட்டார். ரேசரை மறுபடி மூடி, மரியாதையாக நீட்டினார்.

“பிளேடுதான் பேடா சார், கூடாது. ரேசரைத் தாராளமா கொண்டு போங்க.”

சுலோசனா டப்பாவையும் ரேசரையும் மாறி மாறிப் பார்த்தாள். சௌம்யா பேச்சைக் கேட்டுத் திட்டம் போட்ட தன்னைச் சொல்ல வேண்டும். இனி விமானம் ஏற வேண்டியதுதான், இறங்க வேண்டியதுதான், கையெழுத்துப் போட வேண்டியதுதான். சாயங்காலத்துக்குள் வீடு ஒட்டகத்துக்குப் போய்விடும். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

மாணிக்கவாசகத்தின் முகமும் தொங்கிப்போயிருந்தது. நாலு பிளேடு போனதற்கா இந்த மனிதருக்கு இத்தனை வருத்தம் என்று அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

“பையை இன்னொரு தரம் மெஷின்ல விட்டுடறேன். அப்புறம் நீங்க போலாம்,” என்று அதிகாரி பையைத் தூக்கினார்.

“உங்களுக்கு எதுக்கு சார் சிரமம்,” என்றார் மாணிக்கவாசகம். “அடியில, பனியனுக்குள்ள ஒரு கத்தி இருக்கு. எடுத்துப் பாருங்க.”

அதிகாரி எடுத்தார். சலூனில் வைத்திருப்பார்களே, அந்த மடக்குக் கத்தி. வீட்டில் அப்படி ஒன்று இருந்து சுலோசனா பார்த்ததே இல்லை.

“இதைக் கொண்டுபோக முடியாது சார். இங்கேயே போட்டுட்டுப் போங்க.”

“அது ஆகாது சார். எங்கப்பா காலத்துக் கத்தி. இதை விட்டுட்டு நான் ஏற மாட்டேன்.” மாணிக்கவாசகம் செல்போனை எடுத்தார். “என் தம்பிக்குப் போன் போட்டுத் தரேன். நீங்கதான் தடுத்துட்டீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

அப்பா காலத்துக் கத்தியின் பிடியில், தேவராஜ மார்க்கெட் கடைக்காரர் ஒட்டிய விலைச் சீட்டு இன்னும் உரிக்கப்படாமல் பளபளத்தது.