அடுப்பை அணைத்தவர்

தலையில் அடிபட்டுத் தேறிவந்த லாரி ஓட்டுநருக்குத் துணையென்று யாருமில்லை. தன் மறதியை அவரே உணர்ந்தால்தான் மறுவாழ்வு மையத்திலிருந்து தனியாக வீட்டுக்கு அனுப்புவார்கள். டீ போடும் பயிற்சி முடிந்ததும், "ஒரு தப்பும் பண்ணலம்மா" என்று சாதித்தார். அவர் அணைக்காமல் விட்ட அடுப்பைப் பயிற்சி தந்த பெண்தான் அணைத்திருந்தாள்.

பயிற்சியின்போது எடுத்த வீடியோவைப் போட்டுக் காட்டினாள். அதில் அவர் உட்கார்ந்து டீ குடிக்க, பின்னால் அவளுக்குப் பதில் இன்னொரு அவர் வந்து அடுப்பை அணைத்தார். அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள்.

அவர் முகம் வாடியது. "மறந்துதான் போயிருக்கேன். பாவம், என் பின்னாடியே அலையறான். அவனுக்கு ஒரு வாய் டீ குடுத்தேனா பாருங்க."

மறுநாள் அடுப்பை அவரே அணைத்தார். இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றை எதிர் நாற்காலியின் முன் வைத்தார். தன்னுடையதை மட்டுமே குடித்தார்.

அவள் கழுவ எடுத்தபோது இரண்டும் காலியாக இருந்தன.