துணைக்கு வந்தவர்கள்

"பொய் சொல்றா டாக்டரம்மா! இந்தப் பொம்பளைக்குக் கேன்சரும் கிடையாது, ஒரு மண்ணாங்கட்டியும் கிடையாது!"

சுவரோரம் உட்கார்ந்திருந்த அபுந்தியோ எழுந்து நின்று விரலை நீட்டினார். வட்டத்தில் அழுதபடி பேசிக்கொண்டிருந்த ஹெர்லிந்தா திரும்பிப் பார்த்தாள்.

அமெரிக்காவின் சான் அந்தோனியோவில், ஒரு தேவாலயக் கூடத்தில் வியாழக்கிழமைதோறும் இந்தக் கூட்டம். புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்கள் வட்டமாக உட்கார்ந்து, மனசில் இருப்பதைத் தங்கள் ஸ்பானிஷிலேயே கொட்டலாம். துணைக்கு வந்தவர்களுக்குச் சுவரோரம் நாற்காலி. எல்லாருக்கும் காபியும் இனிப்பு ரொட்டியும் உண்டு. நடத்துவது மனநல டாக்டர் மாரித்சா.

ஹெர்லிந்தாவின் புருஷன் பிலேமோனைக் கண்டாலே அபுந்தியோவுக்கு ஆகாது. கூரை போடும் வேலையில் இவருக்கு வரவேண்டிய மேஸ்திரி பதவியைத் தட்டிக்கொண்டு போனவன். அதுவும் இவர் மகனின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன்! பதினைந்து வருஷமாகியும் அந்த வயிற்றெரிச்சல் ஆறவில்லை. இப்போது பொண்டாட்டியை அழவிட்டு, இவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான்.

"எதை வெச்சுச் சொல்றீங்க, அபுந்தியோ ஐயா?" மாரித்சா நிதானமாகக் கேட்டாள்.

"என் தங்கச்சியும் இவளும் ஒரே லாண்டிரியில வேலை. இவ ஒரு நாள் லீவு போட்டதில்லையாம். கிறிஸ்துமஸுக்குத் தமாலே செய்யறப்ப, சோளமாவு மூட்டையைத் தனி ஆளாத் தூக்கிட்டுப் போனா. நானே பார்த்தேன்! இப்ப என்ன சொன்னா? ஏணியில கால் வெச்சா நடுங்குதாம். இவ என்னைக்கு ஏணி ஏறினா? ராத்திரி படுக்கை நனையுதாம், வெக்கத்துல தனி ரூம்ல படுக்கையாம். கேக்கவே சகிக்கல!"

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள்.

"ரொட்டிக்காக வர்ற கும்பல் இது. நிஜ நோயாளிங்க இடம் கிடைக்காம அலையறாங்க. ரெண்டு பேரையும் வெளிய அனுப்புங்க டாக்டரம்மா."

ஹெர்லிந்தா கைப்பையை எடுத்துக்கொண்டாள். "வாங்க, போயிடலாம்" என்றாள் புருஷனிடம். குரல் கெஞ்சியது. "இதை விட்டா நமக்கு வேற எடம் ஏது..."

பிலேமோன் எழுந்தார். வாசலுக்குப் போகவில்லை. நேராக வட்டத்துக்குள் போய் நின்றார்.

"நடுங்கறது என் கால். நனையறது என் படுக்கை. கேன்சரும் ஆபரேஷனும் எனக்குத்தான். ஒரு ஆம்பளை இதை நாலு பேர் முன்னாடி எப்படிச் சொல்றது? செத்தாலும் வரமாட்டேன்னேன். 'நோய் எனக்குன்னு சொல்லிக்கறேன், நீங்க துணைக்கு மட்டும் வாங்க'ன்னா இவ."

அபுந்தியோ விடுவதாக இல்லை.

"அப்ப டாக்டரம்மாவையே ஏமாத்தியிருக்கீங்க!"

"என்னை யாரும் ஏமாத்தல" என்றாள் மாரித்சா. "யாருக்கு என்ன நோய்னு ஆஸ்பத்திரியில எனக்கு முன்னாடியே சொல்லிடுவாங்க. ஆரம்பத்துல நோயாளிங்க மட்டும் வாங்கன்னுதான் கூப்பிட்டேன். நம்ம ஆம்பளைங்க ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கல. துணைக்கு வாங்கன்னு சுவரோரம் நாற்காலி போட்டேன். நிறைஞ்சு போச்சு."

சுவரோரம் இருந்த ஆண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தூ! பொண்டாட்டி பாவாடைக்குப் பின்னால ஒளியறவன் எல்லாம் ஒரு ஆம்பளையா?" அபுந்தியோ தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, வட்டத்தில் இருந்த தன் மனைவியை அதட்டினார். "கிளம்பு கிரிஸ்பினா! இந்தக் கூட்டமே நமக்கு வேண்டாம்."

கிரிஸ்பினா எழுந்தாள். ஆனால் கிளம்பவில்லை. தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் புருஷன் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"வா கிழவா, உன் இடத்துல நீயே உக்காரு. எனக்கு இல்லாத குடல் கேன்சரைச் சொல்லிச் சொல்லி எனக்கும் வாய் வலிக்குது."